பார்த்தவன் சொல்ல வேண்டியது

மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்று வரைக்கும் நீண்டு கிடக்கின்ற எங்கள் கரையோர ஊர்களில் வீடு வாங்க முற்படுகின்ற தகப்பன், அநேகமாகத் தான் குடியிருப்பதற்காக அதை வாங்குவதில்லை. மணமகன் மனைவியின் வீட்டுக்கு வந்து குடியேறுவதும், அந்த வீடு அவளுடைய பேரிலேயே உறுதி எழுதப்பட்டிருப்பதும், மூத்தவளுக்கு வீட்டை ஒப்படைத்துவிட்டு உம்மாவும் வாப்பாவும் இளையவளுக்காக இன்னொரு வளவில் அத்திவாரம் வெட்டத் தொடங்குவதும் இங்கே தலைமுறை தலைமுறையாக வந்த சம்பிரதாயம். கட்ட முடிந்தவன் கட்டுகிறான். மத்திய கிழக்கில் வியர்வை சிந்திச் சேர்த்த பணத்தையோ, இரண்டு போக வேளாண்மையில் கடன் போக மிஞ்சியதையோ கையில் வைத்துக்கொண்டு, கலியாணப் பேச்சும் முற்றிவிட்ட நிலையில், கட்டுவதற்குக் காலம் போதாதவன் ஏற்கெனவே கட்டியிருக்கும் வீட்டை விலைக்கு வாங்குகிறான். அவ்வாறு வாங்கப்படும் வீட்டில் ஏதேனும் ஒரு குறை மறைந்திருக்குமாயின், அதைச் சுமக்கப் போகிறவள் பேரம் நடந்த இடத்தில் இருந்தவள் அல்லள். விலை பேசியவளும் அல்லள். பெரும்பாலும் அந்த வீட்டைக் கலியாணத்துக்கு முன்னர் ஒரு தடவைதான் பார்த்திருப்பாள். ஆகையினால் வீட்டைப் பார்த்துச் சொல்லும்படி அழைத்து வரப்படும் மனிதனின் கடமையைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம், அவனை அழைத்து வந்த தகப்பனை அல்ல, அங்கே இல்லாத அந்தப் பெண்ணையே நான் நினைத்துக்கொள்கிறேன்.

அமெரிக்காவிலும் கனடாவிலும் இதற்கென்று ஒரு தொழிலே உண்டு. வாங்குகிறவன் கைக்காசு கொடுத்து ஒரு பரிசோதகரை அமர்த்துகிறான். அவர் கூரை முதல் வடிகான் வரை பார்த்து அறிக்கை எழுதிக் கொடுக்கிறார். கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் 2009ஆம் ஆண்டிலேயே அப்பரிசோதகர்களுக்கு அனுமதிப்பத்திரம் கட்டாயம் என்று விதித்தது. எங்கள் நாட்டில் அப்படியொரு தொழில் தனியாக வேர்கொள்ளவில்லை. அதற்காக எங்களிடம் பரிசோதனையே இல்லை என்று சொல்லிவிட முடியாது. வேண்டிய மட்டும் இருக்கிறது. 1840ஆம் ஆண்டின் மோசடித் தடைக் கட்டளைச் சட்டம் காணி விற்பனை நொத்தாரிசு முன்னிலையில் சாட்சிகளுடன் எழுத்தில் நிகழ வேண்டும் என்று விதித்ததிலிருந்து, உறுதியை ஆராய்வதற்கு ஒருவர் வந்தார். எல்லையை அளப்பதற்கு நில அளவையாளர் இருக்கிறார். கடன் கொடுக்கிற வங்கி தன்னுடைய பணத்துக்குப் பாதுகாப்பு உண்டா என்று அறிய விலைமதிப்பீட்டாளரை அனுப்புகிறது. பிரதேச சபை வரைபடத்தைப் பார்த்து அனுமதி கொடுக்கிறது, பின்னர் சி.ஓ.சி. என்று வழங்கும் சான்றிதழையும் கொடுக்கிறது. இத்தனை பேரும் தத்தமக்குரிய கடதாசியைப் பார்த்து முடித்த பின்னரும், சுவரைப் பார்க்க ஒருவரும் இல்லை. அந்த வேலை, யாரும் நியமிக்காமலே, எங்கள் ஊர் மேசனின் தலையில் வந்து விழுகிறது.

ஒரு நல்ல மேசன் வீடு பார்க்கிற விதத்தைக் கூட இருந்து கவனித்தவர்களுக்கு அது எவ்வளவு நுட்பமான வித்தை என்பது தெரியும். அவர் வாசலால் நேரே உள்ளே போவதில்லை. முதலில் வளவைச் சுற்றி வருகிறார். கிணற்றில் ஒரு வாளி அள்ளி, நாக்கில் வைத்து உவர் பார்க்கிறார். மலசலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் இடையிலுள்ள தூரத்தைக் காலடியால் அளந்துகொள்கிறார். பிறகு சுவர். அடியிலிருந்து முழங்கால் உயரம் வரைக்கும் பூச்சு மாவாய் உதிர்ந்து வெள்ளையாய் உப்புப் பூத்திருந்தால், அத்திவாரத்துக்கு மேலே ஈரத்தை மறிக்கும் படை போடப்படவில்லை, நிலத்தின் ஈரம் சுவருக்குள் ஏறுகிறது என்று அறிந்துகொள்கிறார். சுத்தியலின் கைப்பிடியால் மெல்லத் தட்டிக்கொண்டே போகிறார். இறுக்கமான ஓசை சட்டென்று மாறிப் பொள்ளென்று ஒலிக்கும் இடத்தில் நிற்கிறார். அங்கே பூச்சு கல்லை விட்டுக் கழன்று நிற்கிறது. கதவு நிலையின் அடிப்பாகத்தைப் பெருவிரலால் அழுத்திப் பார்க்கிறார். கறையான் உள்ளே தின்று முடித்து வெளியே பெயின்ற் மாத்திரம் மிஞ்சியிருந்தால் விரல் உள்ளே போய்விடும். யன்னல் மூலையிலிருந்து சரிவாகப் புறப்படும் வெடிப்பு மயிரிழையாய் இருந்தால் ஒரு பொருள், சதக்குற்றி நுழையும் அகலத்தில் இருந்தால் வேறொரு பொருள். கொங்கிறீற்றுத் தட்டின் அடியில், கம்பி ஓடுகிற நேர்கோட்டிலேயே கபில நிறமாய்க் கறை படிந்திருக்குமாயின், கலவையில் கடல் மணல் சேர்ந்திருக்கக்கூடும் என்ற சந்தேகம் அவருக்கு எழுகிறது. உப்பு இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும், துருவேறிய கம்பி பருத்துத் தன்னைப் போர்த்திருக்கும் கொங்கிறீற்றையே பிளந்து தள்ளும் என்பது அவர் ஏட்டில் படித்தறிந்ததன்று, இருபது முப்பது ஆண்டுகளாகக் கூரைகளுக்கு முட்டுக் கொடுத்துக் கொடுத்து அறிந்தது. வீடு முழுவதும் நிறம் மங்கியிருக்க, ஓர் அறையின் ஒரு சுவருக்கு மட்டும் புதுப் பெயின்ற் அடித்திருந்தால், அந்தச் சுவரின் முன்னால் அவர் கொஞ்ச நேரம் கூடுதலாக நிற்கிறார்.

இவ்வளவையும் பார்த்துவிட்டு வெளியே வருகிற மேசன், வேலியோரத்தில் காத்துக்கொண்டு நிற்கும் தகப்பனிடம் சொல்லுகிற வாக்கியம் பல தடவைகளில் இதுதான்: “பரவால்ல காக்கா, வாங்கலாம். சின்னச் சின்ன வேலதான் இருக்கு.” அவருக்குத் தெரிந்ததற்கும் அவர் சொன்னதற்கும் நடுவில் உள்ள தூரத்தில்தான் இந்தத் தொழிலின் தர்மம் முழுவதும் தங்கியிருக்கிறது. அவர் பொய் சொல்லவில்லை. பார்த்ததில் பாதியைத் தன்னிடமே வைத்துக்கொண்டார். ஏன் என்று கேட்டால் காரணங்கள் மலிவானவை அல்ல. விற்கிறவர் அவருடைய பள்ளிவாசலிலேயே தொழுகிறவர், வெள்ளிக்கிழமை தோளோடு தோள் உரசி நிற்பவர். ஒருவேளை ஒரே குடியைச் சேர்ந்தவர். அவருக்கும் கரையேற்ற வேண்டிய ஒரு பெண்பிள்ளை இருக்கிறது, இந்த வீட்டை விற்றுத்தான் அந்தக் காரியம் நடக்க வேண்டும். ஒரு வார்த்தையால் ஒரு குடும்பத்தின் காரியம் கெட்டுப்போகும் என்ற அச்சம் மனிதாபிமானத்தின் உடையிலேயே வந்து நாவைக் கட்டிவிடுகிறது.

இந்த இடத்தில் எங்கள் மார்க்க நூல்கள் பாதுகாத்து வைத்திருக்கும் ஒரு நிகழ்ச்சியை நான் மீண்டும் மீண்டும் நினைப்பதுண்டு. மஸ்ஜிதுந் நபவியின் திண்ணையில் வாழ்ந்த ஏழைத் தோழர்களில் ஒருவராக எண்ணப்படும் வாஸிலா இப்னு அல்அஸ்கஃ (ரழி) அவர்களைப் பற்றியது. இமாம் அஹ்மத் அவர்களின் முஸ்னதில் இடம்பெற்றது. ஒருவர் அவருடைய வளவிலிருந்து ஒரு பெண் ஒட்டகத்தை விலைக்கு வாங்கிக்கொண்டு வெளியேறுகிறார். வாஸிலா அவர்கள் மேலாடை நிலத்தில் இழுபட அவரைப் பின்தொடர்ந்து வந்து பிடித்து, வாங்கிவிட்டீரா என்று கேட்கிறார். அதிலுள்ள குறையை உமக்குச் சொன்னார்களா என்று கேட்கிறார். அதை எதற்காக வாங்கினீர், பிரயாணத்துக்கா இறைச்சிக்கா என்றும் கேட்கிறார். ஹஜ்ஜுக்குப் போவதற்கு என்று வாங்கியவர் சொன்னதும், அதன் பாதத்தில் ஓட்டை இருக்கிறது என்று அறிவித்துவிடுகிறார். விற்றவர் மனம் நொந்து, என் வியாபாரத்தைக் கெடுக்கிறீரே என்று முறையிடுகிறார். குறையை எடுத்துரைக்காமல் ஒரு பொருளை விற்பது ஆகாது என்பதையும், அக்குறையை அறிந்த எவரும் அதை வெளிப்படுத்தாமல் இருப்பது ஆகாது என்பதையும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடமிருந்து தாம் கேட்டதாக வாஸிலா அவர்கள் பதிலுரைக்கிறார்.

விற்பவன் குறையை மறைக்கக் கூடாது என்பது எந்தச் சமூகத்திலும் ஏதோ ஒரு வடிவத்தில் சொல்லப்பட்டிருக்கிறது. இந்த நிகழ்ச்சி அதற்கு அப்பால் ஓரடி எடுத்து வைக்கிறது. பேரத்தில் பங்கில்லாதவனாயினும் குறையை அறிந்தவன் அதை வாங்குகிறவனுக்கு அறிவித்தாக வேண்டும் என்று, எங்கள் நாட்டு முஸ்லிம்கள் பின்பற்றுகிற ஷாபிஈ மத்ஹபின் சட்ட அறிஞர்கள் இதனை ஆதாரமாக்கி உரைத்தார்கள். அறிவே பொறுப்பைக் கொண்டுவந்துவிடுகிறது. கூலி வாங்கினானா, அழைக்கப்பட்டானா என்பதெல்லாம் அதன் பின்னால் வருகிற விஷயங்கள். அப்படியானால் அழைக்கப்பட்டு, நம்பப்பட்டு, சுவரைத் தட்டிப் பார்த்த மேசனின் மௌனத்துக்கு எந்த இடத்தில் நிழல் கிடைக்கும்?

அந்தக் கேள்வியையும் விட, எதற்காக வாங்கினீர் என்ற கேள்வியே என்னை அதிகம் நிறுத்தி வைக்கிறது. இறைச்சிக்காக வாங்கிய ஒட்டகத்துக்குப் பாதத்தில் ஓட்டை ஒரு குறையே அன்று. மக்கா வரைக்கும் நடக்க வேண்டிய ஒட்டகத்துக்கு அதுவே எல்லாம். வீடும் அவ்வாறே. இடித்துவிட்டுக் கடை கட்டுவதற்காகக் காணியோடு வாங்குகிறவனிடம் கதவு நிலையில் கறையான் என்று சொல்லி நேரத்தை வீணாக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு பெண் நாற்பது வருஷம் குடியிருந்து, பிள்ளை பெற்று, முதுமையில் தன் மகளுக்கே மறுபடியும் எழுதிக் கொடுக்கப் போகிற வீடென்றால், இன்றைக்கு மயிரிழையாய்த் தெரிகிற வெடிப்பும், இன்றைக்குக் குடிக்கக்கூடியதாய் இருந்து வரட்சி மாதங்களில் உவராகிற கிணறும் பேசப்பட வேண்டியவை. நோக்கம் தெரியாமல் நல்லது கெட்டது சொல்ல ஏலாது. ஆகவே பரிசோதகனின் முதல் கடமை வீட்டுக்குள் போவதற்கு முன்னாலேயே தொடங்கிவிடுகிறது. யார் இதில் இருக்கப் போகிறார்கள், எத்தனை காலம், மேலே ஒரு மாடி எடுக்கிற எண்ணம் உண்டா என்று கேட்டு அறிய வேண்டும். கேட்காமல் பார்க்கிறவன், எவ்வளவு கூர்மையாகப் பார்த்தாலும், அரைவாசிதான் பார்த்தவனாகிறான்.

மேற்கு நாட்டிலும் இந்த விசாரணை பழைமையானது. சிசரோ தம்முடைய கடமைகள் பற்றிய நூலின் மூன்றாம் பாகத்தில், குடியிருப்பவருக்கு நோய் வருவதும் அறைகளில் பாம்பு நடமாடுவதும் மரங்கள் இற்றுப்போயிருப்பதும் உரிமையாளன் ஒருவனுக்கே தெரிந்த ஒரு வீட்டைக் கற்பனை செய்து, அதை வாய் திறவாமல் விற்பவனின் நியாயத்தை இரண்டு தத்துவ ஞானிகளின் வாதமாக வளர்த்துக்கொண்டு போகிறார். அதோடு ஓர் உண்மை வழக்கையும் சொல்கிறார்: சகுனம் பார்க்கும் அதிகாரிகள், தங்கள் பார்வையை மறைக்கிறதென்று உயரத்தைக் குறைக்கும்படி கட்டளையிட்டிருந்த ஒரு வீட்டை, அந்தக் கட்டளையைச் சொல்லாமல் ஒருவன் விற்றுவிட, தெரிந்தும் சொல்லாதவனே நட்டத்தை ஈடு செய்ய வேண்டும் என்று கேட்டோ என்ற நீதிமான் தீர்த்தார். அந்த ரோமச் சட்டம் ஒல்லாந்தர் வழியாகக் கப்பலேறி இலங்கைக்கு வந்து, இன்றும் ரோம-டச்சுச் சட்டம் என்ற பேரில் எங்கள் பொதுச் சட்டமாக இருக்கிறது. சாதாரணமாய்ப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாத மறைகுறைக்கு விற்றவன் பொறுப்பாளி என்ற கோட்பாடு அதில் உண்டு. ஆயினும் கல்முனை நீதிமன்றத்தில் வழக்குப் பேசி, தவணைக்குத் தவணை அலைந்து, இந்தக் குறை விற்பனைக்கு முன்னரே இருந்தது என்று நிரூபிப்பதற்குள், வீட்டோடு உறவும் வெடித்துவிடுகிறது. சட்டம் குறை வெளிப்பட்ட பிறகு வருகிறது. பார்த்தவனின் வாய் மாத்திரமே முன்கூட்டி வர முடியும்.

எங்கள் பகுதியில் மற்றெல்லாக் குறைகளையும் விடப் பெரிய குறை சுவரில் இல்லை, சுவருக்குக் கீழே இருக்கிறது. 2004 டிசம்பர் 26இன் கடல் கொந்தளிப்பு அம்பாறைக் கரையோரத்தைத் துடைத்துக்கொண்டு போன பின்னர், கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டக் கூடாது என்று அரசாங்கம் முதலில் எல்லை குறித்தது. பிறகு அது தளர்த்தப்பட்டது. இதற்கிடையில், கடலைப் பார்க்கவே அஞ்சிய மனிதர்கள் மேற்கே திரும்பினார்கள். மேற்கே இருப்பது வயல். காரைதீவுக்கும் சம்மாந்துறைக்கும் நடுவில் வயல்வெளிக்குள் தீவுபோல் இருக்கிற எங்கள் மாவடிப்பள்ளியைப் பார்த்தவர்களுக்கு இந்த நிலத்தின் இயல்பை விளக்க வேண்டியதில்லை. வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் மேட்டு நிலத்தின் தண்ணீரெல்லாம் இந்த வழியாகத்தான் கடலைத் தேடிப் போகிறது. 2024 நவம்பர் 26 அன்று, நிந்தவூரிலிருந்து சம்மாந்துறைக்கு வீடு திரும்பிக்கொண்டிருந்த மதரசாப் பிள்ளைகளை ஏற்றிவந்த உழவு இயந்திரம் எங்கள் வீதியில் வெள்ளத்தால் இழுக்கப்பட்டுக் கவிழ்ந்து, அந்தப் பிள்ளைகளில் பலரை நாங்கள் ஜனாஸாக்களாகவே மீட்டெடுத்தோம். தண்ணீர் எந்த வழியால் போகிறது என்பது இங்கே வெறும் பொறியியல் விஷயம் அன்று.

அந்தத் தண்ணீரின் பாதையில் கிறவல் கொட்டி நிரப்பி, ஒரு மாரி கூடப் படியவிடாமல் அதன்மேல் அத்திவாரம் போட்டுக் கட்டிய வீடு, ஆடி மாதத்தில் பார்க்கிறவனுக்கு மிக அழகாக இருக்கும். நெற்காணியைக் கமநல அதிகாரிகளின் எழுத்து அனுமதியின்றி நிரப்புவது 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி குற்றம். நிரப்பிய பிறகு அது வளவாகிவிடுகிறது, வளவு கைமாறுகிறது, மூன்றாவது கையில் அது வயலாக இருந்த ஞாபகமே அற்றுப்போகிறது. மண் மெல்ல அமரும்போது வீட்டின் ஒரு மூலை மாத்திரம் அதோடு இறங்குகிறது; யன்னல் மூலையில் சரிவாக வெடிப்புப் புறப்படுவது அப்போதுதான். கலிபோர்னியாவில், சரியாக இறுக்கப்படாத நிரப்பு மண்ணின்மேல் கட்டிய வீடொன்று விற்கப்பட்டபின் நிலம் சரிந்த வழக்கில், தரை சமனில்லாமல் இருந்ததையும் சரிவில் வலை போட்டிருந்ததையும் கண்ட தரகர்கள் மண்ணைச் சோதிக்கும்படி சொல்லாததால் பொறுப்பாளிகள் என்று 1984இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கண்ணில் பட்ட அறிகுறியிலிருந்து கேட்க வேண்டிய கேள்விக்குப் போகாமல் நின்றுவிடுவதும் குற்றமே என்பது அதன் சாரம். எங்கள் ஊரில் கேட்க வேண்டிய கேள்வி எளிதானது. அயல் வீட்டு மூத்தம்மாவிடம் கேட்டாலே பதில் கிடைக்கும்: போன வெள்ளத்தில் தண்ணீர் எந்தப் படி வரைக்கும் வந்தது? இதைக் கேட்காமல் வீடு பார்த்தேன் என்று சொல்லுகிற மேசனோ, மதிப்பீட்டாளரோ, பொறியியலாளரோ மாவடிப்பள்ளியில் வீடு பார்த்தவராகார்.

உண்மை சொல்லும் கடமைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. எதிலும் அகப்பட்டுவிடக் கூடாதே என்று அஞ்சி, ஒவ்வொரு மயிரிழை வெடிப்பையும் பயங்கரமாக்கிச் சொல்லுகிறவனும் அநியாயம் செய்கிறான். சிமெந்துப் பூச்சு உலரும்போது மேலோட்டமாக வெடிப்பது சாதாரணம், அதைக் காட்டி ஒரு நல்ல வீட்டின் விலையை உடைப்பது விற்பவரின் மகளுக்குச் செய்யும் துரோகம். கொங்கிறீற்றுக்குள் கம்பி எத்தனை கனம், அத்திவாரம் எத்தனை அடி என்பதை உடைத்துப் பார்க்காமல் எவராலும் சொல்ல முடியாது. சென்னை மௌலிவாக்கத்தில் 2014 ஜூன் 28 அன்று இடிந்து விழுந்து 61 உயிர்களைக் கொன்ற பதினொரு மாடிக் கட்டிடம் அனுமதிப் பத்திரங்களோடுதான் எழும்பியது. ஆகவே இதைப் பார்த்தேன், இதைப் பார்க்கவில்லை, இது பார்க்கக் கூடியதன்று என்று மூன்றையும் பிரித்துச் சொல்லுகிறவனுடைய பேச்சையே நம்பலாம். பூட்டிக் கிடந்த அறையைப் பற்றியும் சொல்லட்டும். கூரைக்குள் ஏறவில்லை என்றால் அதையும் சொல்லட்டும்.

இவையெல்லாம் ஒரு தனிமனிதனின் தக்வாவில் மாத்திரம் விடப்பட வேண்டியவை என்று நான் கருதவில்லை. மேசனின் நாக்கைக் கட்டுவது உறவு மாத்திரமன்று, கூலி வருகிற வழியும்தான். இன்றைய வழக்கத்தில், வீடு பார்த்ததற்கென்று அவருக்கு ஒருவரும் காசு கொடுப்பதில்லை. ஒரு பிளேன்டீயோடு அது முடிந்துவிடுகிறது. வீடு கைமாறினால் தரகர் தமது தரகிலிருந்து ஏதாவது கொடுப்பார். வாங்கியவர் திருத்த வேலையை அவரிடமே ஒப்படைப்பார். முதலாவது, குறையைச் சிறிதாக்கச் சொல்லுகிறது. இரண்டாவது, வாங்கிய பிறகு பெரிதாக்கச் சொல்லுகிறது. 1976இல் உருவான அமெரிக்க வீட்டுப் பரிசோதகர் சங்கத்தின் ஒழுக்க விதிகள் இந்த இரண்டு வாசலையும் அடைத்திருக்கின்றன: தான் பரிசோதித்த வீட்டில் ஒரு வருஷத்துக்குக் கூலிக்குத் திருத்த வேலை செய்யக் கூடாது, தரகருக்குக் கையூட்டுக் கொடுத்து வேலை பிடிக்கக் கூடாது, விற்பனை முடிந்தால்தான் கூலி என்ற ஏற்பாட்டுக்கும் இணங்கக் கூடாது. எங்கள் ஊர்களில் இவற்றைக் கொண்டுவருவதற்குப் பாராளுமன்றம் கூட வேண்டிய அவசியம் இல்லை. கலியாணத்துக்கு மஹர் எவ்வளவு, வலீமா எப்போது என்றெல்லாம் கூடிப் பேசுகிற பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபை, வீடு பார்க்கிற மேசனுக்கு ஒருநாள் கூலி வாங்குகிறவர் கையாலேயே, பார்ப்பதற்கு முன்னரே கொடுக்கப்பட வேண்டும் என்றும், அந்த வீட்டின் திருத்த வேலை வேறொருவருக்கே போக வேண்டும் என்றும், வெள்ளம் வந்த படியையும் காணி முன்னர் வயலா மேட்டு நிலமா என்பதையும் விற்பவர் கையெழுத்தோடு ஒரு தாளில் எழுதி உறுதியோடு வைக்க வேண்டும் என்றும் ஊரறியச் சொல்லிவிடலாம். அந்தத் தாளில் மேசனின் பேரும் இருக்கட்டும். அதன் ஒரு பிரதி, வீடு யார் பேரில் எழுதப்படுகிறதோ அந்தப் பெண்ணின் கையில் நேராகவே கொடுக்கப்படட்டும்.